நஞ்சைக் காட்டும் தங்கத் துகள்

வேர்க்கடலை தின்னும்போது எப்போதாவது ஒரு பருப்பு கசந்திருக்கும். முகத்தைச் சுளித்துத் துப்பியிருப்பீர்கள். பூசணம் பிடித்த சொத்தைப் பருப்பு அது. நாக்கு எச்சரித்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்துக் கொள்கிறோம். ஆனால் மாணவர்களே, சொத்தையின் கசப்பு வேறு. பூசணம் உண்டாக்கும் நஞ்சு வேறு. உணவில் இருக்கும் சிறிய அளவில் அந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, நம் நாக்கு அறியக்கூடிய சுவையுமில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் அது இருக்கலாம். பூசணம் செத்து உதிர்ந்த பின்னும் அது தங்கியிருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது.

கண்ணும் மூக்கும் நாக்கும் கைவிட்ட பிறகு அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிறிய காகிதப் பட்டையும், அதில் ஒட்டியுள்ள தங்கத் துகள்களும் இன்று இந்த வேலையைச் செய்கின்றன. அதைப் பற்றியதே இக்கட்டுரை. முதலில் நஞ்சை அறிமுகம் செய்துகொள்வோம்.

வான்கோழிகள் மடிந்தன

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோழிப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. அல்ஜீப்ராவில் தெரியாத எண்ணுக்கு 'எக்ஸ்' என்று பெயரிடுகிறோம் அல்லவா? அதுபோல இதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு குஞ்சுகளின் தீவனத்தை ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே குற்றவாளி. அதில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூசணம் வளர்ந்திருந்தது. அஸ்பெர்ஜில்லஸிலிருந்து 'அ', ஃபிளேவஸிலிருந்து 'ஃப்ளா', நஞ்சைக் குறிக்கும் 'டாக்ஸின்' ஆகியவற்றைச் சேர்த்து 'அஃப்ளடாக்ஸின்' என்று அந்த நஞ்சுக்குப் பெயரிட்டனர்.

இது ஒரே பொருளன்று, ஒரு குடும்பம். புற ஊதாக் கதிர் பட்டால் சில நீலமாக ஒளிரும், சில பச்சையாக ஒளிரும். ஆங்கிலத்தில் அந்நிறங்களின் முதலெழுத்துகளைக் கொண்டு பி1, பி2, ஜி1, ஜி2 என்று பெயர் வைத்தார்கள். இவற்றில் மிகக் கொடியது பி1. பி1 கலந்த தீவனத்தைப் பசு தின்றால் அதன் உடலில் பி1 சற்றே மாற்றம் அடைந்து எம்1 என்ற பெயரில் பாலில் வந்து சேருகிறது. பூசணம் கடலையில், நஞ்சு பாலில்!

வான்கோழிக்குத்தானே என்று விட்டுவிட முடியாது. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் உள்ள மலையோரச் சிற்றூர்களில் மஞ்சள் காமாலை பரவியது. நோயாளிகளின் வயிறு நீர் கோத்து வீங்கியது. வீட்டில் மிஞ்சிய உணவைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய். ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அந்த மக்களின் அன்றாட உணவான மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்ஸின் இருந்தது தெரிந்தது. அறுவடை வேளையில் பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த சோளம் அது. 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். அந்தச் சோளத்தில் கிலோவுக்கு 6,250 முதல் 15,600 மைக்ரோகிராம் வரை நஞ்சு இருந்தது. பாவம், அவர்களுக்கு வேறு சோளம் இல்லை; இருந்ததை உண்டார்கள். 2004இல் கென்யாவிலும் இதே கதை நடந்தது. அங்கே 125 பேர் இறந்தனர். அதுவும் மக்காச்சோளத்தால்தான்.

இவ்வளவு அதிகமாக ஒரே சமயத்தில் உண்பது அரிது. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உண்பதே பரவலாக நடப்பது. உடலுக்குள் வந்த வேண்டாத பொருளை மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பி1 வந்ததும் கல்லீரலின் நொதிகள் வழக்கம்போல அதனுடன் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. விபரீதம் என்னவென்றால், அவ்வாறு உண்டாகும் பொருள் பழையதைவிடப் பொல்லாதது. அது செல்லினுள் இருக்கும் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு இது ஒரு காரணம். 1987இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகைப் பட்டியலில் அஃப்ளடாக்ஸின்களைச் சேர்த்தது. ஹெப்படைட்டிஸ்-பி வைரசும் ஒருவர் உடலில் இருந்தால் ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

எவ்வளவு சிறிது?

நஞ்சே இல்லாத உணவுதான் வேண்டும் என்று சட்டம் போடலாம். ஆனால் வயல் மண்ணில் இயல்பாக வாழும் பூசணத்தை அடியோடு ஒழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு நாடும் ஓர் உச்ச வரம்பு வைத்துள்ளது. மேற்கொண்டு பக்குவப்படுத்த இருக்கும் நிலக்கடலைக்கு இந்தியாவின் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அமெரிக்கா உணவுப் பொருள்களுக்கு 20 என்று வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம், நேராக உண்பதற்கான கடலைக்கு 4 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது.

15 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்றால் ஒரு டன்னுக்கு 15 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடையே ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கும். ஒரு டன் கடலையில் ஓர் அரிசி மணிக்கும் குறைவான நஞ்சு! அதைத் தேட வேண்டும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். அஃப்ளடாக்ஸின் பி1இன் மூலக்கூறு எடை 312. அவகாட்ரோ எண்ணைப் பயன்படுத்திக் கணக்கிட்டால், வரம்பில் நிற்கும் கடலையில் ஒரு கிராமுக்குள் சுமார் 29 லட்சம் கோடி நஞ்சு மூலக்கூறுகள் இருக்கின்றன. (வேதியியல் நோட்டில் நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.) எடையில் ஒன்றுமில்லை, எண்ணிக்கையில் ஏராளம். ஒவ்வொரு மூலக்கூறையும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் ஒரு கருவி கிடைத்துவிட்டால் தேடுவது இயலாத காரியமன்று.

ஆய்வுக்கூடங்களில் வேறு முறைகள் உண்டு. நஞ்சைக் கரைத்துப் பிரித்து, புற ஊதா ஒளியில் ஒளிரவைத்து அளக்கிறார்கள். மிகத் துல்லியமானவை அவை. ஆனால் விலையுயர்ந்த எந்திரம் வேண்டும். பயிற்சி பெற்றவர் வேண்டும். நகரத்துக்கு மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை வந்து சேர்வதற்குள் கடலை மூட்டை கைமாறிவிடும். மண்டியிலேயே, பால் சேகரிக்கும் இடத்திலேயே, சில நிமிடங்களில் விடை சொல்லும் ஒன்று தேவைப்பட்டது.

பிடிக்கும் கையும் காட்டும் நிறமும்

பற்றிக்கொள்ளும் கருவி இயற்கையிலேயே இருக்கிறது. நம் உடலில் அன்னியப் பொருள் நுழைந்தால் அதற்கென்றே பொருத்தமான எதிர்ப்பொருள் என்னும் புரதம் உண்டாகிறது. பூட்டுக்கேற்ற சாவி போல அது தன் இலக்கை மட்டும் பிடிக்கும். ஆனால் அஃப்ளடாக்ஸின் மிகச் சிறியது. அதைத் தனியாக ஒரு விலங்குக்குள் செலுத்தினால் உடலின் காவல் அமைப்பு கவனிக்காது. ஆகவே அதை ஒரு பெரிய புரதத்தின் மேல் ஒட்டவைத்து எலிக்கோ முயலுக்கோ செலுத்துகிறார்கள். யானை மேல் அமர்ந்த எறும்பைப் போல அப்போதுதான் அது கண்ணில் படுகிறது. அதற்கான எதிர்ப்பொருளும் கிடைக்கிறது.

பிடித்தாயிற்று. ஆனால் பிடித்தது நமக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்பொருளுக்கும் நிறமில்லையே. இங்கேதான் தங்கம் வருகிறது.

தங்கம் மஞ்சள் நிறம் என்று சொல்வீர்கள். நகையில் அப்படித்தான். அதையே 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் நீர் மாதுளம்பழச் சாறுபோலச் சிவந்துவிடும். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் குறுக்கே இத்தகைய துகள்கள் சுமார் 4,000 வரிசையாக நிற்கலாம். இருந்தும் ஒவ்வொரு துகளிலும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தங்க அணுக்கள் உள்ளன.

ஏன் சிவப்பு? உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கட்டற்றுத் திரிகின்றன என்று படித்திருக்கிறீர்கள். இவ்வளவு சிறிய துகளுக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்கள், ஒளியலை பட்டதும் தட்டில் ஆடும் நீர்போல அனைத்தும் சேர்ந்து அங்குமிங்கும் அலைகின்றன. ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் எப்படி வேகம் பெறுகிறதோ, அப்படியே சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி இந்த அலைவோடு ஒத்துப்போகிறது. துகள் பச்சையை விழுங்குகிறது. மிஞ்சிய ஒளி சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் ஒத்திசைவு மாறி, நிறம் நாவற்பழத்தின் ஊதாவாகவும் நீலமாகவும் மாறிவிடும்.

இது நேற்றுக் கண்டறிந்ததன்று. மின்தூண்டலைக் கண்ட அதே மைக்கேல் ஃபாரடே 1857இல் இத்தகைய சிவந்த தங்கக் கரைசல்களைத் தயாரித்து, நிறத்துக்குக் காரணம் தங்கத்தின் நுண்ணிய துகள்களே என்று விளக்கினார். அவர் செய்த கரைசல்கள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பு மாறாமல் இருக்கின்றன. 1951இல் டர்கெவிச்சும் அவருடைய தோழர்களும் ஓர் எளிய வழியை ஆராய்ந்து விளக்கினர். தங்கக் குளோரைடு கரைத்த நீரைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் மறைந்து, கருநீலம் தோன்றி, சில நிமிடங்களில் அழகிய சிவப்பு வந்துவிடும். இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

நிறம் மட்டுமன்று, பரப்பும் முக்கியம். ஒரு கிராம் தங்கத்தைக் கனசதுரமாக வார்த்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதையே 20 நானோமீட்டர் துகள்களாக்கினால் மொத்த மேற்பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். ஓர் அறையின் தரை அளவு! அத்தனை பரப்பிலும் எதிர்ப்பொருள்களை ஒட்டவைக்கலாம். தங்கம் துருப்பிடிக்காது, சாயம் போல வெளுக்காது. ஒரு சோதனைப் பட்டைக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் குறைந்த தங்கமே போதும் என்பதால், நகைக் கடை விலையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

மறையும் கோடு

இப்போது பட்டையைப் பார்ப்போம். கடலையை அரைத்து, மெத்தனால் கலந்த நீரில் குலுக்கித் தெளியவைத்தால் நஞ்சு கரைசலில் இறங்கிவிடும். அதை நீர்க்கச் செய்து பட்டையின் ஒரு முனையை நனைக்கிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்புழை ஏற்றத்தால் கரைசல் பட்டையில் மெல்ல நகர்கிறது. வழியில் எதிர்ப்பொருள் ஒட்டிய தங்கத் துகள்கள் உலர்ந்த நிலையில் காத்திருக்கின்றன. அவையும் கரைந்து உடன் புறப்படுகின்றன. சற்றுத் தொலைவில், கண்ணுக்குத் தெரியாத கோடாக, புரதத்தில் ஒட்டிய அஃப்ளடாக்ஸினையே பூசி வைத்திருக்கிறார்கள். இது சோதனைக் கோடு. அதற்கும் அப்பால் கட்டுப்பாட்டுக் கோடு. அங்கே உள்ள பொருள், நஞ்சு பிடித்ததா இல்லையா என்று பார்க்காமல் எல்லா எதிர்ப்பொருளையும் பிடிக்கும்.

2020க்குப் பின் வந்த கொரோனா சோதனைப் பட்டையை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் இரண்டு கோடு தோன்றினால் நோய் உண்டு. பூசண நஞ்சுப் பட்டையிலோ இரண்டு கோடு தோன்றினால் கடலை நல்லது. சோதனைக் கோடு மறைந்தால்தான் ஆபத்து! ஏன் இப்படித் தலைகீழ்?

கொரோனா வைரசின் புரதம் பெரியது. ஒரு பக்கம் தங்கத்தோடு ஒட்டிய எதிர்ப்பொருள் பிடிக்க, மறுபக்கம் கோட்டில் உள்ள எதிர்ப்பொருள் பிடிக்க, இரண்டுக்கும் இடமுண்டு. அஃப்ளடாக்ஸினின் அளவோ சுமார் ஒரு நானோமீட்டர்தான். அதைவிட எதிர்ப்பொருள் எடையில் ஏறத்தாழ 500 மடங்கு பெரியது. ஒரு கடுகை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை நிறையப் பிடிக்க முடியுமா? ஆகவே வேறு தந்திரம் தேவைப்பட்டது.

ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கத் துகள்கள் விருந்தாளிகள். சோதனைக் கோடு பந்தி. வழியில் ஒன்றும் உண்ணாமல் பசியோடு வருபவர்கள் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். வரிசை நிறைந்து சிவப்பாகத் தெரியும். கடலையில் நஞ்சு இல்லையென்றால் நடப்பது இதுதான். நஞ்சு இருந்தால் விருந்தாளிகள் வரும் வழியிலேயே வயிறு நிறைய உண்டுவிடுகிறார்கள். பந்தியைத் திரும்பிப் பாராமல் நேரே போய்விடுகிறார்கள், இலைகள் காலி. கோடு மங்கும், அல்லது மறையும். கட்டுப்பாட்டுக் கோட்டில் மட்டும் எல்லோரும் பிடிபடுவார்கள். அந்தக் கோடும் தோன்றவில்லை என்றால் பட்டையே பழுது. அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இப்போது ஒரு கேள்வி. மிகக் குறைந்த நஞ்சையும் கண்டுபிடிக்க, பட்டையில் எதிர்ப்பொருளை அதிகமாக வைக்க வேண்டுமா, குறைவாக வைக்க வேண்டுமா? அதிகமாக என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். ஆயிரம் விருந்தாளிகள் வரும்போது வழியில் பத்துப் பேருக்கு மட்டும் சோறு கிடைத்தால் பந்தியில் வித்தியாசம் தெரியுமா? தெரியாது. இருபது பேர் மட்டும் வந்தால்? பந்தியில் பாதி காலியாகிவிடும். ஆக, சிறிய அளவு நஞ்சைக் காட்ட வேண்டுமென்றால் தங்கத் துகள்களைக் குறைக்க வேண்டும். ஆனால் குறைத்தால், நஞ்சே இல்லாதபோதும் கோடு மங்கலாகத்தானே தெரியும்? மங்கலைப் பார்த்து நல்ல கடலையைக் கெட்டது என்று சொல்லிவிடுவோமே!

நானோ துகளின் உண்மையான பயன் இந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் இருக்கிறது. ஒரு தங்கத் துகள், ஒரு சாய மூலக்கூற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஒளியை விழுங்குகிறது. அதனால் மிகச் சில துகள்களே வந்து நின்றாலும் கோடு பளிச்சென்று தெரிகிறது. அந்தச் சிலவற்றையும் மறைக்கச் சிறிதளவு நஞ்சே போதும். துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும், நாட்டின் வரம்பையொட்டி இந்த அளவில் கோடு மறைய வேண்டும் என்று பட்டையைச் செய்பவர்கள் அமைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் பளிச்சென்ற துகளைத் தேடி ஆய்வுகள் நடக்கின்றன. பூப்போல முட்கள் நீட்டிய தங்கத் துகள்கள், கரைசலிலிருந்து நஞ்சைக் காந்தத்தால் திரட்டித் தரும் இரும்பு ஆக்சைடுத் துகள்கள், புற ஊதா ஒளியில் சுடர்விடும் குவாண்டம் புள்ளிகள் எனப் பல. குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக 2023இல் மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவற்றில் பல வகைகள் காட்மியம் என்ற நச்சு உலோகத்தால் ஆனவை. நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், கேட்பது நியாயம்தான். அதனால் காட்மியம் இல்லாத வகைகளையும் செய்துவருகிறார்கள்.

எந்தப் பிடி கடலை?

பட்டை எவ்வளவு கூர்மையானாலும், அதற்குக் கொடுத்த கடலையைப் பற்றி மட்டுமே அது பேசும். மூட்டையில் மிஞ்சியவற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பாலில் நஞ்சு எங்கும் சமமாகக் கலந்திருக்கும். ஒரு சொட்டு எடுத்தாலும் போதும். கடலையில் அப்படியில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, ஒன்றில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும். ஒரே பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்தில் நஞ்சு இருந்ததும் உண்டு. அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். 15ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு பருப்பு 33 கிலோ கடலையை இந்திய வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும்! 33 கிலோ என்றால் சுமார் 66,000 பருப்புகள். அவற்றிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் அந்த ஒன்று கையில் அகப்படுமா?

அதனால்தான் ஐரோப்பிய விதிகள், பெரிய கடலைச் சரக்கில் 100 இடங்களில் எடுத்து 20 கிலோ சேர்க்கச் சொல்கின்றன. சேர்த்ததை நைசாக அரைத்துக் கலக்க வேண்டும். அரைத்த பின் ஒரு பருப்பின் நஞ்சு மாவு முழுவதும் பரவிவிடுகிறது. அதன் பிறகே பட்டைக்கு வேலை. எனக்குத் தெரிந்தவரை, பட்டையைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர்கள் இந்த அரைக்கும் எந்திரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சோதனையில் வரும் பிழைகளில் பெரும் பங்கு மாதிரி எடுப்பதில்தான் நேர்கிறது.

செய்து பாருங்கள்

நஞ்சில்லாமலே இதை நீங்கள் வீட்டில் சோதிக்கலாம். 500 புளியங்கொட்டைகளை எண்ணி ஒரு பையில் போடுங்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 25 கொட்டைகளை எடுங்கள். புள்ளி வைத்தது இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்பப் போட்டு மீண்டும் குலுக்குங்கள். இப்படி 20 முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அது அகப்பட 20இல் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே 20 முறையில் கட்டாயம் ஒரு தடவை வந்துவிடும் என்றுதான் தோன்றும். வகுப்பில் பத்துப் பேர் தனித்தனியே செய்து பார்த்தால், மூன்று நான்கு பேருக்கு 20 முறையிலும் அது கிடைக்காமலே போயிருக்கும். 0.95ஐ அதே எண்ணால் 20 முறை பெருக்கி, வரும் விடையை அந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.